கம்பைலர் எப்போ வாக்கு கொடுத்துச்சு?

வணக்கம் சார். எனக்கு ஊரு காட்பாடி, சென்னையில ஒரு எம்பெடெட் (மிஷினுக்குள்ள ஓடுற சாஃப்ட்வேர்) கம்பெனியில ரெண்டு வருஷமா இருக்கேன். எங்க சி கோட்ல ஸ்ட்ரக்ட், அதாவது பல டேட்டாவ ஒண்ணா கட்டி வெக்கற அமைப்பு, அது உள்ளயே நீளம் மாறுற அரே (வரிசை) போட்டிருக்காங்க. கோட மிஷின் மொழிக்கு மாத்தற கம்பைலர்ல, ஜிசிசில ஓடுது, கிளாங்ங்கற இன்னொரு கம்பைலர் எடுக்க மாட்டேங்குது. "ஓடுறத தொடாதே"ங்கறாரு சீனியர். மாத்தணுமா, இல்ல ரஸ்ட் மொழிக்கே போயிடலாமா?

அன்புள்ள தம்பி,

ரஸ்ட் வேற பேச்சு, விடு. அரேய மாத்து. கிளாங் கொடுத்த எர்ரர முழுசா படிச்சியா நீ? ஜிசிசி தானா சேத்துக்கிட்ட இந்த எக்ஸ்டென்ஷன எப்பவுமே சப்போர்ட் பண்ண மாட்டோம்னு அதுலயே இருக்கு, அத படிக்காம எனக்கு கடிதம் எழுதறே. லினக்ஸ் கெர்னல்லயே இத தேடித் தேடி எடுத்தாங்க.

ஆனா அந்த "ஓடுது" இருக்கே, அது என்ன சும்மா விடல. போன வாரம் பரண ஒழிக்கும்போது ஒரு பழைய போர்டு கெடச்சுது, ராணிப்பேட்டையில தோல் பதனிடற டேனரி ஒண்ணுல தோல் அளக்கற மிஷினுக்கு நான் கோட் எழுதினது. லைட் போட்டதும் சென்சார் நெலைக்கு வர கொஞ்சம் நேரம் வேணும், அதுக்கு உள்ள ஒண்ணுமே இல்லாம சும்மா சுத்தி நேரம் கடத்தற ஃபார் லூப் ஒண்ணு போட்டு வெச்சேன். நாலு வருஷம் ஓடுச்சு. புது ஜிசிசிக்கு மாறி, வேண்டாதத எடுத்து கோட வேகமாக்கற ஆப்டிமைசேஷனும் ஏத்தினோம், லூப்பே காணோம், வெளிச்சம் முழுசா வர்றதுக்குள்ள படிச்சதால தோல் இல்லாத எடத்தயும் தோலுன்னு எண்ணுச்சு.

அங்க ஒரு பெரியவர், கையாலயே அளந்து பழகினவரு, "நைனா, இந்த ஆட்டுத்தோலு அஞ்சடிக்கு மேல வராது, மிஷினு தப்பா சொல்லுது"ன்னாரு. மிஷின் தப்பு பண்ணாதுன்னு அவர்கிட்ட சத்தம் போட்டேன். இன்னிக்கும் அது உறுத்துது.

ஜிசிசி மேனுவல்லயே இருக்கு தம்பி: டிலேக்காகத்தான் போட்டிருப்பாங்கன்னு நெனச்சு முன்னெல்லாம் காலி லூப்ப எடுக்காம விட்டிருந்தாங்களாம், இப்போ முடியற லூப்புன்னு தெரிஞ்சா எடுத்துடும். அன்னிக்கு அது ஓடினது அவங்க விட்டு வெச்சதால, எனக்கு வாக்கு கொடுத்ததால இல்ல. அந்த பக்கத்த நான் தொறந்தே பாக்கல, பாத்திருந்தா டைமர் வெச்சிருப்பேன்.

உன் அரே ஒண்ணே ஒண்ணா ஸ்ட்ரக்ட் கடைசியில இருந்தா, சி மொழியோட சி99 தரத்துலயே இருக்கற ஃபிளெக்சிபிள் அரே போதும். நடுவுல இருந்தா பஃபர் எடுத்து, எது எங்க ஆரம்பிக்குதுங்கற ஆஃப்செட்ட நீயே கணக்கு போடு, ஒவ்வொண்ணும் அதுக்கு சரியான அட்ரஸ்ல உக்காரணும்ங்கற அலைன்மென்ட்ட மறக்காதே. சீனியர்கிட்ட மரியாதையா கேளு, இது மேனுவல்ல எந்த எடத்துல இருக்குன்னு.

பொங்கலுக்கு ஊருக்கு வந்தா வீட்டுக்கு வா, அந்த போர்ட எடுத்து வெக்கறேன்.