முன் டிஃபரன்ஷியல் ஊளையிடுகிறது: மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்கள் தோட்டத்திலிருந்து கேரட், முட்டைக்கோஸ் ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகும் பழைய மஹிந்திரா எம்எம் 540 ஜீப் இது. நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால் முன்பக்கம் ஊளைச் சத்தம் வருகிறது. ஃபோர் வீல் போட்டால் இன்னும் அதிகம். முன் டிஃபரன்ஷியலையே மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். பழைய ஆக்சில் ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

பதில்: இன்னும் பணம் கொடுக்காதீர்கள். சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதை ஒரே காலையில் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

டிஃபரன்ஷியல் என்பது ஆக்சிலின் நடுவில் இருந்து, இடது வலது சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் கியர் தொகுதி. உங்கள் ஜீப்பின் முன் ஹப்பில், அதாவது சக்கரம் பொருந்தும் நடுப்பகுதியில், திருகி விடுவிக்கும் லாக் இல்லையென்றால், டூ வீலில் போகும்போதும் முன் டிஃபரன்ஷியல் சும்மா சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அதனால் முதலில் அதை நிறுத்திப் பார்க்க வேண்டும். இரண்டு முன் ஹப்பிலும் வெளியே தெரியும் டிரைவ் ஃபிளாஞ்சைக் (ஆக்சில் ஷாஃப்டைச் சக்கரத்தோடு இணைக்கும் தட்டு) கழற்றுங்கள். சக்கரத்தைத் தாங்குவது ஹப் பேரிங்குகள்தான், ஆக்சில் ஷாஃப்ட் அல்ல. ஆகவே பயம் வேண்டாம். தூசி போகாமல் பிளாஸ்டிக் தாளைக் கட்டிவிட்டு, டூ வீலில் மட்டும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டுங்கள். சத்தம் அப்படியே இருந்தால் டிஃபரன்ஷியல் குற்றவாளி இல்லை. சக்கர பேரிங், டயர், டிரான்ஸ்ஃபர் கேஸ் (கியர்பாக்ஸ் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் பெட்டி), பின் ஆக்சில் என்று வேறு பக்கம் தேட வேண்டும். வளைவில் திரும்பும்போது சத்தம் ஏறி இறங்கினால் சக்கர பேரிங்கைத்தான் முதலில் சந்தேகப்படுவேன்.

சத்தம் நின்றுவிட்டதா? ஃபிளாஞ்சை மாட்டிவிட்டு, முன் புரொப்பல்லர் ஷாஃப்டைக் (டிரான்ஸ்ஃபர் கேஸையும் டிஃபரன்ஷியலையும் இணைக்கும் நீளத் தண்டு) கழற்றி மறுபடி ஓட்டுங்கள். இப்போதும் சத்தம் இல்லையென்றால் ஷாஃப்ட் கிராஸோ (தண்டின் நுனியில் வளைந்து கொடுக்கும் மூட்டு) டிரான்ஸ்ஃபர் கேஸோதான் காரணம். கிராஸ் மாற்றுவது சின்னச் செலவு. சத்தம் திரும்ப வந்தால் மட்டும் டிஃபரன்ஷியல் பக்கம் வருவோம்.

அடுத்தது ஆயில். வண்டி ஓடி வந்த சூட்டோடு வடிகால் போல்ட்டைத் திறந்து, சுத்தமான தட்டில் பிடியுங்கள். கொஞ்சம் உள்ளங்கையில் ஊற்றி வெயிலில் சாய்த்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மாவு போன்ற பசை இருந்தால் அது இயல்பான தேய்மானம். நகத்தில் சிக்கும் சில்லும் ஊசி போன்ற துணுக்கும் இருந்தால் பல்லோ பேரிங்கோ உடைகிறது. பால் கலந்த டீ நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மலையில் ஓடும் வண்டிகளில் நான் அதிகம் பார்த்தது இதைத்தான். ஓடையைத் தாண்டும்போது சூடான ஹவுசிங் சட்டென்று குளிர்ந்து, தேய்ந்த சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். ஹவுசிங் மேலே இருக்கும் பிரீதர் என்ற காற்றுத் துளை மண்ணால் அடைத்திருந்தால் அது நிச்சயம் நடக்கும். என்னிடம் வந்த ஒரு ஜீப்பில் மூன்று முறை சீல் மாற்றியும் ஒழுகல் நிற்கவில்லை. கம்பியை விட்டு அந்தப் பிரீதரைக் குத்திச் சுத்தம் செய்த பிறகுதான் நின்றது.

பிறகு முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகவே கூடாது. பின் சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, டூ வீலில் வைத்துவிட்டு, பினியன் (டிஃபரன்ஷியலுக்குள் போகும் சின்ன கியர்) ஃபிளாஞ்சைப் பிடித்து மேலும் கீழும், உள்ளும் வெளியும் ஆட்டிப் பாருங்கள். துளி ஆட்டம் இருந்தாலும் பினியன் பேரிங் போய்விட்டது என்று அர்த்தம். சுற்றுவாக்கில் கொஞ்சம் லூஸ் இருப்பது இயல்பு. பேரிங் மட்டும் போயிருந்து பற்கள் நன்றாக இருந்தால் பேரிங்கும் சீலும் போதும்.

பல் போயிருந்தால், பினியன் சுற்றும் பெரிய கியரான கிரவுனையும் பினியனையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று இழைத்து வருபவை. ஒன்றைப் பழையதாக விட்டால் ஊளை நிற்காது. பழைய முழு ஆக்சில், கோவையிலோ சென்னை புதுப்பேட்டையிலோ தேடினால் கிடைக்கும். ஆனால் அதன் விகிதம் (கிரவுன் பல் எண்ணிக்கையைப் பினியன் பல் எண்ணிக்கையால் வகுத்தது) பின் ஆக்சிலோடு ஒத்துப்போகாவிட்டால் ஃபோர் வீல் போட்டதும் டிரான்ஸ்ஃபர் கேஸ் நொறுங்கும். பழைய வில்லிஸ் ஜீப்புகளில் கிரவுனில் 43 பல், பினியனில் 8, வகுத்தால் 5.375. 39-க்கு 8 என்றால் 4.875. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். திறக்காமலேயே கணக்கிட வழி உண்டு. கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் இல்லாமல், மூன்று சக்கரத்துக்குக் கட்டை போட்டு ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்குங்கள். சாக்பீஸால் கோடு போட்டு அதை இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். புரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் பின் விகிதம். வாங்கப்போகும் ஆக்சிலில் கவரைத் திறந்து பல்லை எண்ணிவிடுங்கள்.

புது ஜோடியைப் பொருத்துவது வீட்டு வேலையில்லை. ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்துப் பினியன் ஆழத்தையும், நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜ் வைத்துப் பல் இடைவெளியையும் சரிபார்க்கிற கைதான் இதைச் செய்ய வேண்டும். இடைவெளி மில்லிமீட்டரில் பத்தில் இரண்டு பங்குக்குள் முடிகிற விஷயம், கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பல்லில் பெயின்ட் தடவிச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும். நுனியில் விழுந்தால் பினியன் இன்னும் கிரவுன் பக்கம் போக வேண்டும், அடியில் விழுந்தால் விலக வேண்டும். முன் ஆக்சில் என்பதால் பல்லின் இரண்டு பக்கத்தையும் பாருங்கள். டயல் கேஜ் இல்லாத பட்டறையில் இதைக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று: இந்த ஜீப்பில் முன், பின் ஆக்சில்களின் வேக வித்தியாசத்தை ஏற்கும் நடு டிஃபரன்ஷியல் கிடையாது. தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டே மலையிறங்கும் பழக்கம் இருந்தால், ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்குகின்றன. முன்னால் புது டயரும் பின்னால் வழுக்கை டயரும் போட்டாலும் இதே கதிதான். சேற்றிலும் சரளையிலும் மட்டும் போடுங்கள்.

புது ஜோடி போட்டால் ஜிஎல்-5 தரத்தில் 90 கிரேடு கியர் ஆயிலை நிரப்பு துளை வரை விட்டு, முதல் 500 கிலோமீட்டருக்கு மூட்டைகளைக் குறைத்து ஏற்றி, பிறகு அந்த ஆயிலை மாற்றிவிடுங்கள். ஃபிளாஞ்ச் கழற்றி ஓட்டியதில் என்ன தெரிந்தது, ஆயில் என்ன நிறம் என்று எழுதுங்கள், மேற்கொண்டு பார்ப்போம்.