கரப்பான் தொல்லை: கேட்டவர்களுக்கு என் பதில்

மதுரையில் இருபது வருடத்துக்கு மேலாகப் பூச்சி மருந்து வேலை பார்க்கிறேன். வந்த கேள்விகளை ஊர், ஏரியா பெயரோடு போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

செல்லூர்: சமையல்கட்டு முழுக்கச் சின்னக் கரப்பான். மாதம் ஒரு ஸ்ப்ரே டப்பா காலியாகிறது, குறையவே இல்லை அண்ணே.

தங்கச்சி, தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடு இருந்தால் அது ஜெர்மன் கரப்பான். சாக்கடையிலிருந்து வருவதில்லை, உங்கள் வீட்டுக்குள்ளேயே குடியிருக்கிறது. பெண் பூச்சி 30, 40 முட்டை உள்ள கூட்டைப் பின்னால் சுமந்துகொண்டே திரியும். பொரிக்கப் போகிற நேரத்தில்தான் கீழே விடும். ஸ்ப்ரே கண்ணில் பட்டதைக் கொல்லும். மிச்சம் மிரண்டு அடுத்த அறைக்குப் போய்விடும்.

போன மாதம் ஒரு வீட்டில் மிக்ஸி பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கவிழ்த்து, அடிமூடியைக் கழற்றினேன். காபித்தூள் தூவினாற்போல எச்சம். மோட்டார் கம்பிச்சுருள் மேல் குஞ்சுகள் அப்பிக்கிடந்தன. மேடையைத் தினமும் பளபளவென்று துடைக்கிற வீடு அது. சூடும் இருட்டும் இடுக்கும் கிடைத்தால் அதற்குப் போதும்.

கரப்பான் ஜெல், அதாவது டியூபில் வருகிற மருந்து கலந்த இரை, வாங்கி மிளகு அளவுப் பொட்டாக வையுங்கள். அலமாரிக் கீல், ஃபிரிட்ஜ் மோட்டார் பக்கம், சிங்க்குக்கு அடியில், ஸ்லாப் விளிம்பு என்று இருபது இருபத்தைந்து இடம். தின்ற பூச்சி பொந்துக்குள் போய்ச் சாகும். அதன் எச்சத்தையும் பிணத்தையும் தின்று மற்றவையும் சாகும். முட்டைக்கூட்டுக்குள் மருந்து போகாது, அதனால் 15 நாள் கழித்து ஒரு தடவை, ஒரு மாதம் கழித்து இன்னொரு தடவை வைக்க வேண்டும். ராத்திரி சிங்க்கைத் துணியால் ஒற்றி உலர்த்திவிட்டுப் படுங்கள். தண்ணீர் கிடைத்தால் இரையில்லாமலே ஒரு மாதம் வரை தாங்கும், தண்ணீரும் இல்லையென்றால் இரண்டு வாரம்தான். ஜெல் வைத்த பக்கம் ஸ்ப்ரேயும் பினாயிலும் கூடவே கூடாது. அந்த வாடை பட்டால் ஜெல்லைத் தொடாது.

வில்லாபுரம்: மழை பெய்தால் பாத்ரூமில் பெரிய கரப்பான், பறக்கவும் செய்கிறது.

அது சாக்கடைக் கரப்பான். ஐப்பசி மழையில் சேம்பர் நிரம்பினால் மேலே ஏறி வரும். பாத்ரூமில் தண்ணீர் போகிற ஓட்டைக்கு மூடி வைத்த ஜாலி போடுங்கள், குழாய் சுவருக்குள் போகிற ஓட்டையை வெள்ளை சிமெண்டால் அடையுங்கள். வழியை அடைக்காமல் எந்த மருந்து அடித்தும் பிரயோசனமில்லை.

மேலூர்: போரிக் பவுடர், மைதா, சர்க்கரை உருண்டை வேலை செய்யுமா? பிரிஞ்சி இலை, கிராம்பு?

போரிக் வேலை செய்யும், மெதுவாக. கேரம் போர்டில் பெரும்பாலும் போடுவது அந்தப் பவுடர்தான். ஆனால் தவழுகிற குழந்தை மிட்டாய் என்று வாயில் போட்டுவிடும், அப்படிப்பட்ட வீட்டில் உருண்டையே வேண்டாம். இலையும் கிராம்பும் கரப்பானைக் கொல்லாது.

திருநகர்: ஜெல் வைத்திருக்கிறேன். நேற்று ஒன்று ஓடியது, ஸ்ப்ரே அடித்தேன். சரிதானே?

சரியில்லை. செல்லூருக்கு எழுதியதைப் படியுங்கள்.

உசிலம்பட்டி: குழந்தை பாச்சை உருண்டையை வாயில் வைத்திருந்தது. முழுங்கியதா தெரியவில்லை.

எனக்கு எழுதிக்கொண்டிருக்காதீர்கள் அம்மா. 108-ஐக் கூப்பிடுங்கள், பாக்கெட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், பால் கொடுக்க வேண்டாம்.

கே.கே.நகர்: ஜெர்மன் கரப்பான் வெளிநாட்டுச் சரக்கோடு வந்தது. நம் ஊர்ப் பூச்சியே இல்லை.

பெயரை வைத்து முடிவு கட்டாதீர்கள் சார். அது 1767-ல் லின்னேயஸ் என்கிற சுவீடன் விஞ்ஞானி வைத்த பெயர். 2024-ல் 17 நாட்டு ஜெர்மன் கரப்பான்களின் டிஎன்ஏவை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சுமார் 2,100 வருடத்துக்கு முன் இந்தியா அல்லது மியான்மர் பக்கம், வயல்வெளியில் வாழ்கிற ஆசியக் கரப்பானிலிருந்து பிரிந்திருக்கிறது. இங்கிருந்துதான் மேற்கே போயிருக்கிறது.

கே.கே.நகர், மறுபடியும்: அப்படியானால் கீழடி அடுப்படியிலும் ஓடியிருக்குமா? என் அப்பத்தா வீட்டில் பெரிய கரப்பானைத்தான் பார்த்திருக்கிறேன்.

கீழடி வரை இழுக்க ஆதாரம் கிடையாது. அப்பத்தா வீட்டில் நீங்கள் பார்த்தது நிஜம்தான். அந்த அடுப்படியில் பலகை அலமாரி ஏது, ஃபிரிட்ஜ் ஏது? இப்போது சூடான இடுக்கை நாமே கட்டிக் கொடுக்கிறோம்.

நரிமேடு: நடுவில் வருகிறேன். பெரியதை அமெரிக்கக் கரப்பான் என்கிறார்களே?

அதன் பூர்வீகம் ஆப்பிரிக்கா. அந்தப் பெயரும் பிறந்த இடத்தைச் சொல்லவில்லை.

ஆரப்பாளையம்: வேகமாகக் குறைய ஜெல்லும் ஸ்ப்ரேயும் சேர்த்து அடிக்கலாமா?

கூடாது. இதே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. ஜெல் என்றால் ஜெல் மட்டும்! ஜெல்லைப் பூச்சி தொடவே இல்லையென்றால் வேறு கம்பெனி ஜெல் மாற்றுங்கள். இரையில் சேர்க்கிற குளுக்கோஸ் பிடிக்காத கரப்பான் கூட்டம் உண்டு என்பது 1993-லேயே பதிவாகியிருக்கிறது.

திருப்பரங்குன்றம்: பூனை வளர்க்கிறோம்.

பெர்மெத்ரின் உள்ள மருந்து பூனைக்கு விஷம். டப்பாவில் அந்தப் பெயர் இருந்தால் வாங்காதீர்கள்.

அனுப்பானடி: மூட்டைப்பூச்சிக்கு என்ன செய்வது?

அதற்கு வழியே வேறு. இதில் கலக்க வேண்டாம், தனியாக எழுதுகிறேன்.

மேலமாசி வீதி: பழைய வீடு, பொதுச்சுவர். பக்கத்து வீட்டார் மருந்து வைக்க மாட்டேன் என்கிறார்கள்.

முதலில் பொதுச்சுவரில் வயர், குழாய் போகிற ஓட்டைகளை அடையுங்கள். அப்புறம் ஒரு டியூப் ஜெல் வாங்கிப் போய், அவர்கள் சமையல்கட்டில் நீங்களே பொட்டு வைத்துத் தருவதாகக் கேளுங்கள். வாடையும் கிடையாது, பாத்திரத்தை வெளியே எடுக்கவும் வேண்டாம் என்று தெரிந்தால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். இரண்டு வீட்டிலும் ஒரே நாளில் வையுங்கள்.