ஜூனியர் காலேஜில் கூடைப்பந்து – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் மகன் டெக்சஸில், பிளேனோவில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறான். ஆறடி ஓர் அங்குலம், பாயின்ட் கார்டு (பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவன்). பள்ளி அணியில் முதல் ஐவரில் ஒருவன். சீசன் முடிந்துவிட்டது, எந்தப் பல்கலைக்கழகமும் கூப்பிடவில்லை. இரண்டாண்டுப் படிப்புள்ள ஜூனியர் காலேஜ் முயன்று பார்க்கச் சொல்கிறார் அவனுடைய கோச். சொந்தக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள். கல்லூரிகளிடம் அவனைப் பற்றி எழுத ஒரு ரெக்ரூட்டிங் நிறுவனம் பெரிய தொகை கேட்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

காலம் கடந்துவிடவில்லை. ஜூனியர் காலேஜ் கோச்சுகள் ஆள் சேர்க்கும் பருவமே இனிமேல்தான். மார்ச்சில் தேசியப் போட்டி முடிந்த பிறகுதான் இரண்டாம் ஆண்டுக்காரர்களில் யார் எங்கே போகிறார்கள் என்று தெரியவரும். ஏப்ரலிலிருந்து ஜூன் வரை இடங்கள் காலியாகிக்கொண்டே இருக்கும். கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்த 2018-க்குப் பிறகு பல்கலைக்கழகங்கள் அனுபவமுள்ள ஆட்டக்காரர்களையே தேடுகின்றன. பள்ளி முடிக்கும் நல்ல பையன்கள் பலருக்கு அதனால்தான் அழைப்பு வருவதில்லை. முகம் சுளிப்பவர்களிடம் என்பிஏ நட்சத்திரம் ஜிம்மி பட்லரைச் சொல்லுங்கள். 2007-08-இல் டைலர் ஜூனியர் காலேஜில் ஆடினார். டைலர் உங்கள் ஊரிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குள்தான்.

முதலில் பணக் கணக்கு. ஜூனியர் காலேஜ் விளையாட்டை நடத்தும் என்ஜேசிஏஏ அமைப்பில் மூன்று டிவிஷன்கள். டிவிஷன் 1 கல்லூரி கல்விக் கட்டணம், புத்தகம், தங்குமிடம், சாப்பாடு வரை கொடுக்கலாம். டிவிஷன் 2-இல் கட்டணமும் புத்தகமும் மட்டும், தங்குமிடமும் சாப்பாடும் உங்கள் செலவு. டிவிஷன் 3-இல் விளையாட்டுக்கான ஸ்காலர்ஷிப்பே கிடையாது. உங்கள் ஊர் காலின் காலேஜ் டிவிஷன் 1. பக்கத்து டாலஸ் காலேஜின் ரிச்லண்ட், நார்த் லேக் வளாகங்கள் டிவிஷன் 3. வீட்டிலிருந்தே போய்வந்தால் அங்கே செலவு குறைவு. ஆட்டத்தின் தரத்தையும் குறைத்து எடைபோட வேண்டாம், இரண்டுமே டிவிஷன் 3 தேசியப் பட்டம் வென்றவை. கலிபோர்னியாவின் கம்யூனிட்டி காலேஜ்கள் தனி அமைப்பு, அங்கேயும் விளையாட்டு ஸ்காலர்ஷிப் இல்லை. வருமானம் குறைந்த மாணவர்களுக்கு அரசு தரும் பெல் கிரான்ட் உதவித்தொகை, குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்தால்தான். பையன் எச்-4 விசாவில் (எச்-1பி ஊழியரின் குடும்பத்தாருக்கானது) இருந்தால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அடுத்து கல்லூரிகளைத் தேர்ந்தெடுப்பது. ஒவ்வொரு கல்லூரியின் ரோஸ்டரும், அதாவது அணிப் பட்டியலும், இணையத்தில் இருக்கிறது. பாயின்ட் கார்டுகளில் எத்தனை பேர் இரண்டாம் ஆண்டு என்று எண்ணுங்கள். அந்த இடத்தில் முதலாண்டுக்காரர்கள் மூன்று பேர் இருந்தால் விட்டுவிடலாம். இரண்டாம் ஆண்டுக்காரர்கள் இருவர் கிளம்புகிறார்கள் என்றால் அங்கே எழுதுங்கள். அப்படியே, போன ஆண்டு கிளம்பியவர்கள் எந்தப் பல்கலைக்கழகம் போனார்கள் என்றும் தேடிப் பாருங்கள். தலைமைக் கோச்சின் பேச்சைவிட நம்பகமானது அந்தப் பட்டியல்.

மின்னஞ்சலைப் பையனே எழுத வேண்டும், பெற்றோர் அல்ல. தலைமைக் கோச்சுக்கும் உதவிக் கோச்சுக்கும் தனித்தனியாக அனுப்பட்டும். பொருள் வரியிலேயே பள்ளி முடிக்கும் ஆண்டு, ஆடும் இடம், உயரம், ஜிபிஏ (மதிப்பெண் சராசரி), ஊர் எல்லாம் வந்துவிட வேண்டும். உயரத்தைக் கூட்டிச் சொல்ல வேண்டாம், நேரில் பார்த்த அன்றே தெரிந்துவிடும். உள்ளே ஐந்தாறு வரி, ஆட்ட வீடியோ ஏற்றும் ஹட்ல் தளத்தின் இணைப்பு, பள்ளிக் கோச்சின் தொலைபேசி எண். பத்து நாளில் பதில் இல்லையென்றால் பள்ளிக் கோச்சை ஒரு முறை பேசச் சொல்லுங்கள்.

வீடியோ மூன்று நிமிடம் போதும். பாட்டு, ஸ்லோ மோஷன் எதுவும் வேண்டாம். ஒவ்வொரு துண்டும் தொடங்கும் முன் பையனைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். முதல் முப்பது விநாடியில் சிறந்த ஐந்து துண்டுகள் வந்துவிட வேண்டும். பாயின்ட் கார்டிடம் கோச்சுகள் பார்ப்பது வேறு: பிக் அண்ட் ரோலில் (சக ஆட்டக்காரன் தடுப்பாளரை மறித்து வழிவிடும் உத்தி) எந்தத் தடுப்பாளரைக் கவனித்துப் பாஸ் கொடுக்கிறான், களம் முழுவதும் எதிரணி நெருக்கும் பிரஸ்ஸில் பந்தை எப்படிக் காக்கிறான், எதிராளி பந்தைத் தட்டியபடி முன்னேறும் முதல் அடியையே நிறுத்துகிறானா. ஒரு முழு ஆட்டத்தின் இணைப்பையும் சேருங்கள், அக்கறையுள்ள கோச் அதைத்தான் திறப்பார்.

பல குடும்பங்கள் கோட்டைவிடுவது படிப்பில். ஜூனியர் காலேஜ்தானே என்று, பல்கலைக்கழக விளையாட்டு அமைப்பான என்சிஏஏவின் தகுதி பார்க்கும் எலிஜிபிலிட்டி சென்டரில் பதியாமல் விடுகிறார்கள். பள்ளியில் 16 முக்கியப் பாடங்களை உரிய காலத்தில் முடித்து, அவற்றில் 2.3 ஜிபிஏ வைத்திருந்தால் பையன் 'குவாலிஃபையர்' ஆகிவிடுவான். அப்படியானால் ஜூனியர் காலேஜில் ஒரு முழுநேர செமஸ்டர் முடித்து, செமஸ்டருக்குச் சராசரியாக 12 மாற்றத்தக்க (பல்கலைக்கழகம் ஏற்கும்) கிரெடிட்டும் 2.5 ஜிபிஏவும் இருந்தால் என்சிஏஏ டிவிஷன் 1 பல்கலைக்கழகத்துக்கு மாறலாம். குவாலிஃபையர் இல்லையென்றால் இரண்டாண்டு அசோசியேட் டிகிரியே முடிக்க வேண்டும். அதில் 48 கிரெடிட் மாற்றத்தக்கவையாக, ஆங்கிலம் 6, கணிதம் 3, அறிவியல் 3 உட்பட இருக்க வேண்டும். இன்றே பதிந்துவிடுங்கள்.

'மாற்றத்தக்க' என்பதில்தான் கண்ணி. பின்னாளில் என்பிஏவில் ஆடிய ஜே கிரவுடர் முதலில் சேர்ந்தது ஒரு தொழில்நுட்பக் கல்லூரி. அங்கே எடுத்த பாடங்களைப் பல்கலைக்கழகம் ஏற்காது என்று பிறகுதான் தெரிந்தது. ஹோவர்ட் காலேஜ் என்ற ஜூனியர் காலேஜுக்கு மாறி, ஏகப்பட்ட பாடங்களை ஒன்றாகச் சுமந்துதான் மேலே போனார். ஆகவே பாடம் எடுப்பதற்கு முன்பே கல்வி ஆலோசகரிடம் கேளுங்கள். கோச் சொல்லும் சுலபமான பாடங்களை மட்டும் நம்பிச் சேர வேண்டாம்.

ஆஃபர் வந்தால் வாய்ச்சொல்லோடு நிற்காதீர்கள். நீங்கள் கையெழுத்திடும் ஒப்பந்தமான லெட்டர் ஆஃப் இன்டென்ட் படிவத்தில் கட்டணம், புத்தகம், தங்குமிடம், சாப்பாடு என ஒவ்வொன்றாகக் குறித்திருக்கிறதா என்று பாருங்கள். 'ஃபுல் ரைடு', அதாவது முழுச் செலவும் எங்களுடையது, என்று சொல்லிவிட்டுத் தாளில் கட்டணம் மட்டும் எழுதுவது உண்டு. அந்தப் படிவம் ஓராண்டுக்குத்தான் செல்லும். இரண்டாம் ஆண்டு எப்படிப் புதுப்பிப்பார்கள், காயம்பட்டால் மருத்துவச் செலவு யாருடையது என்று கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

ரெக்ரூட்டிங் நிறுவனத்துக்குப் பணம் கொடுக்க வேண்டாம். ஒரே அச்சில் நூற்றுக்கணக்கில் வரும் கடிதங்களைக் கோச்சுகள் திறப்பதில்லை. அந்தப் பணத்தில் பதில் எழுதிய இரண்டு மூன்று கல்லூரிகளுக்குப் பையனை நேரில் அழைத்துப் போங்கள். கோச் கூப்பிட்டால் அங்கேயே ஆடிக் காட்டட்டும். பயிற்சியையும் உட்கார்ந்து பாருங்கள். முதலாண்டு கார்டு ஒருவன் பந்தைத் தவறவிட்டதும் கோச் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள்: திருத்திவிட்டு மறுபடி ஆட விடுகிறாரா, பெஞ்சில் உட்கார வைக்கிறாரா? கிளம்பும் முன் அங்குள்ள ஆட்டக்காரர்களோடு பையனைத் தனியாக அரை மணி நேரம் பேச விடுங்கள்.