கேள்வி – பதில்: தாவுல் கிராமத்தின் புனித கிளமெண்ட் ஆலயம்

ஐரோப்பாவின் இடைக்காலக் கட்டடக் கலையான ரோமனெஸ்க் பாணி என்றாலே பெரிய மடாலயங்களைத்தான் எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். ஒரு சாதாரணக் கிராமத்து ஆலயத்தின் வரலாற்றைச் சொல்ல முடியுமா?
– வாசகர், திண்டுக்கல்

ஸ்பெயினின் கட்டலோனியாவில், பிரனீஸ் மலைத்தொடரின் போயி பள்ளத்தாக்கில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் தாவுல் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள புனித கிளமெண்ட் ஆலயத்தை 1123ஆம் ஆண்டு டிசம்பர் 10 அன்று ஆயர் ரமோன் கில்லெம் அர்ச்சித்தார் (வழிபாட்டுக்காகப் புனிதப்படுத்தினார்) என்பதை, ஆலயத் தூணொன்றில் வண்ணத்தால் எழுதப்பட்ட லத்தீன் வாசகம் தெரிவிக்கிறது. மறுநாளே அதே ஊரிலுள்ள புனித மரியாள் ஆலயத்தையும் அவரே அர்ச்சித்தார். ஒரு மலைக் கிராமத்தில் அடுத்தடுத்த நாட்களில் இரண்டு ஆலயங்கள் திறக்கப்பட்டன என்பது அக்காலத்துக்கும் சற்று ஆடம்பரமான செய்திதான்.

தடித்த கற்சுவர்கள், சிறிய சாளரங்கள், அரைவட்ட வளைவுகள் என்று அந்தப் பாணியின் இலக்கணம் முழுவதும் இங்கே உண்டு. உருளைத் தூண்கள் உட்கூடத்தை மூன்றாகப் பிரிக்கின்றன. மேலே இருப்பது மரக்கூரை. பக்கத்தில் ஆறு அடுக்குகளுடன் நிற்கும் சதுர மணிக்கூண்டின் சுவர்களில் காணப்படும் மெல்லிய பட்டைகளும் சிறு வளைவு வரிசைகளும், வட இத்தாலியின் லொம்பார்டிப் பகுதியிலிருந்து பரவிய கட்டடக் கலையின் அடையாளங்கள்.

அத்தனை ஒதுக்குப்புறமான ஊருக்கு இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது?
– வாசகி, மதுரை

போரிலிருந்து வந்தது என்பதே வரலாற்றாசிரியர்கள் பலர் தரும் விளக்கம். அப்பகுதியை ஆண்ட எரில் பிரபுக் குடும்பத்தினர், அரகோன் மன்னர் முதலாம் அல்போன்சோவின் படையெடுப்புகளில் பங்கேற்றார்கள். 1118இல் சரகோசா நகரை முஸ்லிம் ஆட்சியாளர்களிடமிருந்து அவர் கைப்பற்றிய ஐந்தே ஆண்டுகளில் தாவுல் ஆலயங்கள் எழுந்திருக்கின்றன. பிற்காலத்தில் அந்தச் செல்வம் பள்ளத்தாக்கில் நிலைக்கவில்லை. ஊரில் வசதி தொடர்ந்திருந்தால் பழையதை இடித்துவிட்டுப் புதிய பாணியில் கட்டியிருப்பார்கள். ஆலயம் பிழைத்ததற்கு ஊரின் வறுமையும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன்.

அந்த ஆலயத்தின் புகழ்பெற்ற கிறிஸ்து ஓவியம் பார்சிலோனா அருங்காட்சியகத்தில் இருப்பதாகப் படித்தேன். சுவரோவியம் எப்படி நகரத்துக்குப் போயிற்று?
– வாசகர், கோயம்புத்தூர்

முதலில் ஓவியத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பலிபீடத்துக்குப் பின்னுள்ள அரைவட்ட மாடத்தில், ‘உலகின் ஒளி நானே’ என்ற லத்தீன் வாசகம் எழுதிய நூலை ஒரு கையில் ஏந்தி, மறு கையால் ஆசி வழங்கியபடி கிறிஸ்து அமர்ந்திருக்கிறார். அவரைச் சுற்றி நற்செய்தியாளர் நால்வரின் சின்னங்களும், கீழே மரியாளும் திருத்தூதர்களும் இருக்கிறார்கள். ஏழு கண்களுடைய ஆட்டுக்குட்டி ஒரு வளைவிலும், நாய் புண்ணை நக்கக் கிடக்கும் ஏழை இலாசர் இன்னொரு வளைவிலும் காணப்படுகின்றனர். வரைந்தவர் பெயர் தெரியாததால் ‘தாவுல் ஆசான்’ என்றே குறிப்பிடுகிறார்கள். அந்த அழுத்தமான நீலத்துக்கு அவர் பயன்படுத்தியது பிரனீஸ் மலையிலேயே கிடைக்கும் ஏரினைட் என்ற கனிமம்.

ரோமனெஸ்குக்கு அடுத்து வந்த கோதிக் பாணியில் பிற்காலத்தில் வைக்கப்பட்ட பீடம் ஓவியத்தின் ஒரு பகுதியை மறைத்துக்கொண்டிருந்தது. 1907இல் கட்டடக் கலைஞர் புய்ச் இ கடஃபால்க் தலைமையில் கட்டலோனிய ஆய்வுக் கழகம் மேற்கொண்ட பயணத்துக்குப் பிறகே அறிஞர் உலகம் இவ்வோவியங்களைக் கவனித்தது, வணிகர்களும் கவனித்தார்கள். மூர் என்ற ஊரிலுள்ள புனித மரியாள் ஆலயத்தின் மாட ஓவியம் 1919இல் விற்கப்பட்டு, சுவரிலிருந்து உரித்தெடுக்கப்பட்டு, கடைசியில் அமெரிக்காவின் பாஸ்டன் அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தது. அதைத் தடுக்க வலுவான சட்டம் அன்று இல்லாததால், பார்சிலோனாவின் அருங்காட்சியகக் குழு எஞ்சிய ஓவியங்களைத் தானே விலைகொடுத்து வாங்கி, வணிகர்கள் அமர்த்தியிருந்த அதே இத்தாலிய வல்லுநர்களைக் கொண்டு 1919 முதல் 1923 வரை அவற்றைப் பெயர்த்தெடுத்தது.

வேலை நடந்த விதம் இது. விலங்குப் பசையில் தோய்த்த துணிகளை ஓவியத்தின் மேல் ஒட்டிக் காயவிடுவார்கள். காயும் பசை சுருங்கி வண்ணப் படலத்தைப் பற்றிக்கொள்ளும். அப்போது துணியை மெல்ல இழுத்தால் படலமும் சேர்ந்து சுவரைவிட்டு வந்துவிடும். அதைச் சுருட்டிக் கோவேறு கழுதைகளின் மேல் ஏற்றி மலையிறக்கி, பார்சிலோனாவில் பின்புறமாகப் புதிய துணி ஒட்டி, பழைய மாடத்தின் வடிவிலேயே அமைத்த மரச்சட்டத்தில் பொருத்தினார்கள். முன்துணியையும் பசையையும் அதன் பிறகே நீக்கினார்கள்.

அப்படியானால் ஊரில் இப்போது வெறும் சுவர்தானா? ஓவியத்தைத் திருப்பி வைப்பதில் என்ன தடை?
– வாசகர், புதுச்சேரி

முற்றிலும் வெறுமையாகிவிடவில்லை. நெடுங்காலம் அங்கே நகலொன்று இருந்தது. அதை நீக்கியபின், வல்லுநர்கள் விட்டுச்சென்ற மூல ஓவியத்தின் துண்டுகளை இடத்திலேயே காணலாம். 2013 முதல், பழைய ஓவியம் முழுவதும் ஒளிப்படமாக மாடத்தின் மேல் வீழ்த்திக் காட்டப்படுகிறது. பள்ளத்தாக்கின் ஒன்பது ஆலயங்கள் 2000இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

திருப்பி வைப்பதைப் பற்றிய என் கருத்து இது: ஒரு முறை உரித்த படலம் இன்னொரு பெயர்ப்பையும் நெடும்பயணத்தையும் சேதமின்றித் தாங்கும் என்று நம்புவது கடினம். 1919இல் குழு தயங்கியிருந்தால் இவ்வோவியமும் கடல் கடந்திருக்கக்கூடும் என்பதால், அன்று எடுத்த முடிவை நான் குறைகூற மாட்டேன். ஆனால் அந்த மாடத்துக்கென்றே, அங்கே வழிபட்டவர்களுக்கென்றே தீட்டப்பட்ட ஓவியத்தைத் தாவுல் இழந்தது என்பதையும் மறுக்க இயலாது.