காலில் 1977 என்று இருந்தால் போதுமா?

கேள்வி: ஸ்டார் வார்ஸ் படத்து வில்லன் டார்த் வேடரின் ஆக்‌ஷன் ஃபிகர் ஒன்று இணையத்தில் விற்பனைக்கு வந்திருக்கிறது. கென்னர் கம்பெனி, மூன்றே முக்கால் அங்குல வரிசை. அட்டை, பெட்டி எதுவும் இல்லை. கருப்பு மேலங்கியும் சிவப்பு லைட்சேபரும் (ஒளிவாள்) இருக்கின்றன. காலுக்குப் பின்னால் 1977 என்று பொறித்திருப்பதால் முதல் வருஷத்துச் சரக்கு என்கிறார் விற்பவர். ஃபோட்டோவை வைத்தே தரத்தைச் சொல்ல முடியுமா?

பதில்: ஓரளவு முடியும். ஆனால் முதலில் அந்த 1977-ஐ மறந்துவிடுங்கள். அது காப்புரிமை ஆண்டு, பொம்மை செய்யப்பட்ட ஆண்டு அல்ல. 1977 மே மாதம் படம் வந்தபோது கென்னரிடம் பொம்மை தயாராகவே இல்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவர்கள் விற்றது ஓர் அட்டை உறை. உள்ளே பொம்மை கிடையாது, ‘பிறகு தபாலில் அனுப்புகிறோம்’ என்ற உறுதிச் சீட்டுதான். பொம்மைகள் பிள்ளைகளின் கைக்கு வந்தது 1978-ல். வேடரோ 1985 வரை விற்பனையில் இருந்தவர். ஆகவே காலில் 1977 என்று இருக்கிற உங்கள் வேடர் எண்பதுகளில் அச்சிலிருந்து வந்தவராகவும் இருக்கலாம். விற்பவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. பாதி பேருக்கு இது தெரியாது.

இருந்தாலும், பிற்கால வெளியீடா என்று பார்க்க, காலில் உள்ள அந்த எழுத்தை ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஹாஸ்ப்ரோ என்ற பொம்மைக் கம்பெனி 2019-ல் இதே பழைய வடிவத்தில், பழைய அட்டையைப் போன்ற அட்டையிலேயே ரெட்ரோ வரிசையை வெளியிட்டது. அதில் வேடரும் உண்டு. அப்புறம் 1995-ல் வந்த புது வரிசையையும் ‘பழசு’ என்று தள்ளிவிடுபவர்கள் இருக்கிறார்கள். அதைக் கண்டுபிடிக்க எழுத்தைப் படிக்கவே வேண்டாம். அந்த வரிசையில் படத்தின் நாயகன் லூக்கூட ஜிம்மிலிருந்து நேராக வந்தவர் மாதிரி இருப்பார்.

சரி, உடம்பு அசல் என்றே வைத்துக்கொள்வோம். பழைய கென்னர் பொம்மைகளில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். பிரச்சினை உடம்பில் இல்லை, அதோடு வரும் துண்டுதுணுக்குகளில். பிள்ளைகள் முதலில் தொலைத்தது துப்பாக்கியையும் மேலங்கியையும்தான். அதனால் இன்று நகல் அதிகம் நடமாடுவதும் அவற்றில்தான். துணைப்பொருள் இல்லாத பொம்மைக்கும் முழு பொம்மைக்கும் இருக்கும் விலை வித்தியாசத்தைப் பார்த்தால் காரணம் புரியும். இதில் பேர்போனவர் ஜாவா என்ற குள்ளப் பாத்திரம். ஆரம்பத்தில் வினைல் (மெல்லிய பிளாஸ்டிக்) மேலங்கியோடு வந்தவருக்குச் சீக்கிரமே துணி அங்கி கொடுத்துவிட்டார்கள். வினைல் ஜாவா அரிதாகிப்போகவே, ஓபி-வான் என்ற இன்னொரு பாத்திரத்தின் வினைல் அங்கியை வெட்டி ஜாவாவுக்கு மாட்டி விற்கிற தொழிலே நடந்திருக்கிறது.

உங்கள் வேடரின் மேலங்கியை ஜன்னல் வெளிச்சத்தில், முன்னும் பின்னும், கழற்றி வைத்து எடுத்த ஃபோட்டோ கேளுங்கள். நாற்பது வருஷம் தோளில் கிடந்த வினைலில் மடிப்பு பதிந்திருக்கும், கைத் துளைகள் கொஞ்சம் இளகியிருக்கும். பளபளவென்று, நேற்று வெட்டியது போல நறுக்கென்ற ஓரத்தோடு இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

அடுத்தது லைட்சேபர். இது தனியாகக் கையில் பிடிக்கும் வாள் அல்ல, கைக்குள்ளிருந்து தள்ளினால் வெளியே வருவது. நுனி மெல்லியது, முதலில் முறிவதும் அதுதான். முழுக்க வெளியே தள்ளி எடுத்த ஃபோட்டோ இல்லாமல் முடிவு செய்யாதீர்கள். வாளுக்குள்ளிருந்து இன்னொரு துண்டு நீளும் ‘டபுள் டெலஸ்கோப்’ வகை என்று யாராவது சொன்னால், நிபுணர் சான்று இல்லாமல் அந்தப் பக்கமே போக வேண்டாம். ஆரம்பகால வேடர்களில் அது மிக மிக அரிது.

துப்பாக்கியோடு வரும் பொம்மைகளுக்கு ஒரு சோதனை சொல்வார்கள்: தண்ணீரில் போடு, மிதந்தால் அசல், மூழ்கினால் நகல். நானும் டம்ளரும் கையுமாக உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மிதந்த ஒன்றை அசல் என்று நம்பி ஏமாந்தும் இருக்கிறேன். மூழ்குகிற அசலும் உண்டு, மிதக்கிற நகலும் வந்துவிட்டது. அசல் என்று உறுதியாகத் தெரிந்த ஒன்றோடு பக்கத்தில் வைத்து நிறத்தையும் வார்ப்பின் கூர்மையையும் ஒப்பிடுவதுதான் நம்பகமான வழி.

தேய்மானத்தில் வேடர் ஒரு வசதியான ஆள். வெள்ளைக் கவச வீரரான ஸ்டார்ம்ட்ரூப்பர் போல மஞ்சளாகிவிட்டாரோ என்று கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் கருப்பு பொம்மையில் கீறலை மார்க்கரால் மறைப்பது சுலபம். சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால் அந்த இடம் மட்டும் வேறு மாதிரி மினுங்கும். மார்புப் பெட்டியின் வண்ணத்தையும் அப்போதே பாருங்கள். மூட்டு தளர்ந்திருக்கிறதா என்பதை ஃபோட்டோ சொல்லாது. சாய்க்காமல் தானாக நிற்பதையும், தூக்கிய கை அப்படியே நிற்பதையும் சின்ன வீடியோவாகக் கேளுங்கள்.

தரச் சான்று நிறுவனங்கள் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு அக்ரிலிக் பெட்டியில் அடைத்துத் தருவார்கள். அட்டை இல்லாத சாதாரண வேடருக்கு அந்தச் செலவு வீண் என்பது என் கருத்து.

இவ்வளவுக்குப் பிறகும் மேலங்கி மட்டும் உறுத்தினால், மேலங்கி இல்லாத வேடர் என்ன விலைக்குப் போகிறார் என்று பாருங்கள். முடிந்த ஏலங்களின் விலையைப் பார்க்க வேண்டும், கேட்கிற விலையை அல்ல. அந்தத் தொகைக்குத் தருவாரா என்று விற்பவரிடம் கேளுங்கள். ஒத்துக்கொண்டால் வாங்கிவிடலாம், அசல் மேலங்கியைப் பிறகு தனியாகத் தேடிக்கொள்ளலாம்.