நேரில் வாசிக்கட்டும், நீங்கள் ஆடுங்கள்

கேள்வி: எங்கள் குடியிருப்பில் ஒவ்வொரு டிசம்பர் 31 அன்றும் டி.ஜே. வைத்துத்தான் கொண்டாடுவோம். இம்முறை பழைய திரைப்பாடல்களை வாசிக்கும் உள்ளூர் மெல்லிசைக் குழுவை அழைக்கலாம் என்றேன். “அது உட்கார்ந்து கேட்கிற கச்சேரி, அதற்கு யார் ஆடுவார்கள்?” என்று இளைஞர்கள் மறுக்கிறார்கள். உங்கள் கருத்து என்ன? (ஒரு வாசகி, பெரம்பூர்)

பதில்: தயங்காமல் அழையுங்கள். ரயில்வே பணியில் இருந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள், கிறிஸ்துமஸ் தொடங்கிப் புத்தாண்டு வரை இசைக்குழுவை மேடையேற்றி ஆடிய ஊர் உங்கள் பெரம்பூர். சிறு வயதில் அப்படியொரு கூடத்தின் சன்னலோரம் நின்று பார்த்திருக்கிறேன். ஆட்டம் தொடங்குமுன் ஒருவர் பவுடர் டப்பாவைத் திறந்து, கோலமாவு தூவுவதைப் போல் மரத்தரை முழுவதும் தூவிக்கொண்டே போனார். பூட்ஸ் கால்கள் வழுக்கிச் சுழல்வதற்கான ஏற்பாடு அது என்பது, முதல் பாட்டுக்கு ஜோடிகள் இறங்கிய பிறகுதான் எனக்குப் புரிந்தது.

நம் திரைப்பாடல்களிலும் ஆட்டத்துக்கென்றே பிறந்தவை ஏராளம். 1964இல் வந்த ‘காதலிக்க நேரமில்லை’ படத்தில் விஸ்வநாதன்–ராமமூர்த்தி இணையர் அமைத்த துள்ளல் தாளத்தையும், 1969இல் ‘சிவந்த மண்’ படத்துக்காக எல்.ஆர். ஈஸ்வரி பாடிய ‘பட்டத்து ராணி’யையும் ஒரு நல்ல டிரம்ஸ் கலைஞர் வாசித்தால், எந்த வயதுக்காரரின் காலும் சும்மா இருக்காது. இளைஞர்களின் அச்சத்திலும் நியாயம் உண்டு. பாட்டுக்குப் பாட்டு நிறுத்தி, அறிவிப்பாளர் ஐந்து நிமிடம் பேசுவதால்தான் ஆடுகிறவர்கள் நாற்காலிக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஆகவே நான்கு பாடல்களை இடைவெளியின்றித் தொடுத்து வாசிக்கவும், அதன்பின் மூச்சு வாங்க ஒரு மெல்லிய பாடலைத் தரவும் முன்கூட்டியே குழுவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அட்வான்ஸ் கொடுக்கும்போது இன்னொன்றையும் கேளுங்கள்: அனைத்தையும் கையால் வாசிப்பார்களா, அல்லது ‘மைனஸ் ஒன்’ டிராக்கை, அதாவது பாடகர் குரல் இல்லாமல் முன்பே பதிவுசெய்த இசையை, ஓடவிட்டு அதன்மேல் பாடுவார்களா? டிராக் தன் நேரத்துக்கு முடிந்துவிடும். நேரில் வாசிக்கும் குழுவோ, கூட்டம் சூடுபிடித்துவிட்டது என்று கண்டால், சரணத்துக்கு முந்தைய இடையிசையை இன்னும் இரண்டு சுற்று சுற்றிவிட்டுப் பல்லவிக்குத் திரும்பும். ஆடுகிறவரைப் பார்த்து வாசிக்கிறவரும், வாசிக்கிறவரைப் பார்த்து ஆடுகிறவரும் ஒருவரையொருவர் தூக்கிவிடும் அந்த நேரத்துக்காகத்தான் குழுவை அழைக்கச் சொல்கிறேன். கலைஞர்களுக்கு மேடையேறும் முன்பே சாப்பாடு போடுங்கள். பேசிய தொகையின் மீதியையும் அன்றே கொடுங்கள். ஒரு விழாவில், பந்தி முடிந்து இலையெடுத்த பிறகு, புல்லாங்குழல் கலைஞர் ஒருவர் பையை மடியில் வைத்தபடி பாக்கிப் பணத்துக்காகக் காத்திருந்ததை என்னால் மறக்க முடியவில்லை.

கேள்வி: மொட்டைமாடியில் எத்தனை மணி வரை வாசிக்கலாம்? பாடல்களுக்கு உரிமக் கட்டணம் உண்டா? (ஒரு வாசகர், ஆதம்பாக்கம்)

பதில்: 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்டிகைக் காலங்களில் நள்ளிரவு 12 வரை தளர்வு தர மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு என்றாலும், அது ஆண்டுக்கு மொத்தம் 15 நாட்களுக்கு மிகக்கூடாது. காவல் நிலையத்தில் எழுத்துபூர்வமாக அனுமதி பெறுங்கள். கிடைக்காவிட்டால் மூடிய சமுதாயக் கூடத்துக்கு மாறிவிடுங்கள். குடியிருப்புப் பகுதியில் இரவு ஒலி வரம்பு 45 டெசிபல்தான் என்பதால், மொட்டைமாடி டிரம்ஸுக்கு ஏற்ற இடமே அல்ல. உரிமத்தைப் பொறுத்தவரை, திருமணக் கொண்டாட்டங்களுக்குப் பதிப்புரிமைச் சட்டம் தரும் விலக்கு புத்தாண்டு விருந்துக்குப் பொருந்தாது. கட்டணம் வாங்கும் குழுவை அழைக்கிறீர்கள் என்றால், இசையமைப்பாளர்கள், பாடலாசிரியர்களின் சார்பில் இயங்கும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பிடம் உரிமம் பெறுவதே முறை. நாம் ஆடி மகிழும் மெட்டு ஒருவருடைய உழைப்பு.

கேள்வி: பன்னிரண்டு மணி அடித்ததும் எல்லாக் குழுக்களும் ‘இளமை இதோ இதோ’வையே பாடுகின்றனவே, வேறு பாடலை வைக்கக் கூடாதா? (ஒரு வாசகர், சைதாப்பேட்டை)

பதில்: மாற்றாதீர்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். 1982 ஆகஸ்டில் வெளியான ‘சகலகலா வல்லவன்’ படத்தின் பாடல் அது. புத்தாண்டையொட்டி வராத படத்தின் பாடலை, இளையராஜாவின் இசைக்காகவும் எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் உற்சாகக் குரலுக்காகவும் தமிழர்கள் தாங்களாகவே அந்த நள்ளிரவுக்குச் சொந்தமாக்கிக்கொண்டார்கள். 2020இல் அவர் மறைந்த பிறகு, மேடைப் பாடகர் அதை எடுக்கும்போது கூட்டமே சேர்ந்து பாடிவிடுகிறது. அதனால் அந்தப் பாட்டுக்கு முன்னால் குழுவுக்கு இரண்டு நிமிடம் விடுங்கள். மார்கழிப் பனியில் கிதார் தந்தியின் சுருதி நகர்ந்துவிடும். அதைச் சரிசெய்துகொண்டு அவர்கள் தயாராக நிற்கட்டும்.