பேர் இல்லாத பாட்டில்

(கல்லூரி வேதியியல் ஆய்வகங்களில் 31 ஆண்டுகள் ஸ்டோர் பொறுப்பில் இருந்து ஓய்வுபெற்றவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: எங்கள் லேபில் கழிவுக்கென்று ஒரே ஒரு 20 லிட்டர் கேன். ஆசிட், அசிட்டோன், குளோரோஃபார்ம் எல்லாமே அதில்தான். கேட்டால், "எல்லாம் வேஸ்ட்தானே" என்கிறார்கள். – எம்.எஸ்சி. மாணவி, திருச்சி

அம்மா, வேஸ்ட் என்று நாம் பேர் வைத்ததும் நைட்ரிக் அமிலம் சாதுவாகிவிடாது. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், உலோகத் தகடு அரிக்கப் பயன்படுத்திய அமிலம் மிஞ்சியது. பழுப்பு நிற இரண்டரை லிட்டர் பாட்டில் ஒன்று காலியாக இருக்க, அதில் ஊற்றி மூடியை இறுக்கிவிட்டான் ஒரு பையன். அடியில் ஒரு விரலளவு எத்தனால் கிடந்ததை அவன் கவனிக்கவில்லை. உடனே ஒன்றும் நடக்கவில்லை, அதுதான் வம்பு. உள்ளே மெல்ல வாயு சேர்ந்து, நாங்கள் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில் பாட்டில் வெடித்தது. ஃபியூம் ஹுட், அதாவது புகையை உறிஞ்சி வெளியேற்றும் பெட்டிக்குள் பாட்டில் இருந்து, அதன் கண்ணாடியும் இறக்கியிருந்ததால் சேதம் குறைவு. அந்தச் சிவப்பு மூடி மட்டும் அகப்படவில்லை. மூன்று வாரம் கழித்து ஒட்டடை அடிக்கும்போது பீரோ தலையில் கிடந்தது.

உங்கள் கேனில் குளோரோஃபார்மும் அசிட்டோனும் இருக்கின்றன. யாராவது கொஞ்சம் சோடியம் ஹைட்ராக்சைடு ஊற்றினால் சூடேறிப் பொங்கிவிடும். குறைந்தது நாலு கேன் வேண்டும்: குளோரின் உள்ள கரைப்பான், குளோரின் இல்லாத கரைப்பான், அமிலம், கன உலோகம். குளோரின் உள்ளதை எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும், அதனால் எரிப்பவர்களும் அதைத் தனியாகத்தான் கேட்பார்கள். சயனைடும் சல்ஃபைடும் அமிலக் கேன் இருக்கும் பக்கமே வரக் கூடாது, சேர்ந்தால் விஷவாயு கிளம்பும். முக்கால் கேனுக்கு மேல் நிரப்பாதீர்கள். ஊற்றுவதற்கு முன்னால் என்ன, எவ்வளவு என்று கேனில் கட்டிய சீட்டில் எழுதுங்கள். ஊற்றிவிட்டு அப்புறம் எழுதலாம் என்றால் யாரும் எழுத மாட்டார்கள், நான் பார்த்தவரை.

கேள்வி: டைக்ரோமேட் டைட்ரேஷன் முடிந்ததும் மாணவர்கள் சிங்கில் ஊற்றிக் குழாயைத் திறந்துவிடுகிறார்கள். போதாதா? – விரிவுரையாளர், விருதுநகர்

போதாது. தண்ணீர் விட்டால் நீர்த்துப்போகும், ஆனால் டைக்ரோமேட்டில் உள்ள குரோமியம் குரோமியமாகத்தான் இருக்கும். உங்கள் கூம்புக் குடுவையில் இருப்பது பெரும்பாலும் ஒடுக்கமடைந்த (reduced), மூன்றாம் நிலைக் குரோமியம். பியூரெட்டில் மிஞ்சிய ஆரஞ்சுதான் ஆபத்தான ஆறாம் நிலை. அதையெல்லாம் ஒரு வாளியில் சேர்த்து, கந்தக அமிலத்தால் பிஎச் இரண்டு, மூன்றுக்குக் கொண்டுவந்து, ஆரஞ்சு முழுக்கப் பச்சையாகும்வரை ஃபெரஸ் சல்ஃபேட் போடுங்கள். அப்புறம் சுண்ணாம்பு போட்டு எட்டு, ஒன்பதுக்கு ஏற்றி ராத்திரி விட்டால் சேறாகப் படியும். அந்தச் சேறும் அபாயக் கழிவுதான், தொட்டியில் கொட்டாதீர்கள்.

தண்ணீரின் மாசை அளக்கும் சிஓடி சோதனைக் கழிவில் பாதரசமும் வெள்ளியும் சேர்ந்திருக்கும். அதற்கு இந்த வைத்தியம் வேண்டாம், தனியாகவே சேர்த்து ஒப்படையுங்கள். ஆல்டிஹைடு சோதனைக்குக் கலக்கும் வெள்ளிக் கரைசலான டாலன்ஸ் கரைசலை நாளைக்கென்று எடுத்து வைப்பது அதைவிட மோசம். வெடிக்கும் வெள்ளிச் சேர்மம் உண்டாகும். அன்றைக்கே நீர்த்த நைட்ரிக் அமிலம் விட்டு, வெள்ளிக்கென்று வைத்த பாட்டிலில் ஊற்றிவிடுங்கள்.

கேள்வி: தொண்ணூறுகளில் வாங்கிய பாட்டில்கள் ஸ்டோரில் கிடக்கின்றன, பாதிக்கு லேபிள் இல்லை. ஸ்டாக் ரெஜிஸ்டரில் இருப்பதால் கழிக்க யாரும் கையெழுத்துப் போடவில்லை. பழைய சாமான்காரருக்கு மொத்தமாகப் போட்டுவிடலாமா? – ஸ்டோர் கீப்பர், பெயர் வேண்டாம்

உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். நம் ஊரில் பாட்டிலைவிட ஆடிட்டுக்குத்தான் பயம் அதிகம். ஆனால் பழைய சாமான்காரர் என்ற பேச்சே வேண்டாம். டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் பல ஆண்டுகள் சும்மா கிடந்த ஒரு கருவி 2010-இல் ஏலத்தில் போனது. மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் அதை உடைத்தார்கள். உள்ளே கோபால்ட்-60. அங்கே வேலை பார்த்த பாவத்துக்கு ஒரு தொழிலாளி அந்த ஏப்ரலில் கதிர்வீச்சால் இறந்தார், பலர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அது கதிரியக்கம், உங்களுடையது ரசாயனம், சரி. ஏலம் விட்டவர்கள் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்காததுதான் இரண்டுக்கும் பொது.

மத்திய அரசின் 2016 அபாயக் கழிவு விதிகளின்படி அபாயக் கழிவைப் பொதுவாக 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்றவரிடம்தான் கொடுக்க வேண்டும். கும்மிடிப்பூண்டியில் அதற்கான நிலையம் இருக்கிறது. முதலில் ஒவ்வொரு பாட்டிலையும் போட்டோ எடுத்துப் பட்டியல் போடுங்கள். லேபிள் இல்லாததை "அடையாளம் தெரியாதது" என்றே எழுதுங்கள், ஊகித்துப் பெயர் வைக்காதீர்கள். பட்டியலோடு ஒரு கடிதம் துறைத்தலைவருக்கு, நகல் முதல்வருக்கு. எழுத்தில் போய்விட்டால் கையெழுத்து தானாக வரும், எனக்கு இரண்டு தடவை வந்திருக்கிறது.

பட்டியல் போடும்போது பழைய ஈத்தரும் பிக்ரிக் அமிலமும் இருக்கிறதா பாருங்கள். மூடியைச் சுற்றிப் படிகம் பூத்திருந்தாலோ, பிக்ரிக் அமிலம் காய்ந்து கிடந்தாலோ, அசைத்தாலே வெடிக்கலாம், நகர்த்தக்கூட வேண்டாம். அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, நேராகத் துறைத்தலைவர் அறைக்குப் போங்கள்.